தூக்குவதற்கு லேசான ஆள்

நெற்றியில் சிவப்புச் சாயம் பூசும்போதெல்லாம் சந்திரமோகனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். மைதா மாவில் கலர் கலந்த ஒரு கூழ் அது. பேரிடர் டிரில் நடத்த வருகிறவர்கள் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவருவார்கள். காயம் மாதிரி நெற்றியில் ஒரு கோடு, கன்னத்தில் ஒரு தீற்று. வெயிலில் காய்ந்து தோலை இழுக்கும், ஈ மொய்க்கும். துடைக்கப் போனால், "ஹாத் மத் லகாவோ தாதா, போட்டோ பாக்கி ஹை" என்று யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள். போட்டோ எடுக்கும்வரை தொடக்கூடாது.

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்மைத் தாண்டி ஒரு மேட்டில் இருந்தது அந்தப் பராமரிப்பு இல்லம். பக்கவாதத்தில் விழுந்தவர்கள், நடக்க முடியாதவர்கள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஆண்கள் அங்கே இருந்தார்கள். ஓர் அறக்கட்டளை நடத்தியது. மேலாளர் கோவிந்தராஜ். கீழே அலுவலகம், சமையலறை, அறக்கட்டளைக்காரர்கள் கூட்டம் போட ஏசி வைத்த பெரிய ஹால். நடக்க முடியாதவர்கள் அத்தனை பேரும் மாடியில். இதை யார் யோசித்தார்கள் என்று சந்திரமோகன் வந்த புதிதில் கேட்டார். "மேலதான் காத்து நல்லா வரும்" என்றார் கோவிந்தராஜ்.

சந்திரமோகன் கப்பலில் லஸ்கராக இருந்தவர். ஃபீனிக்ஸ் பேயிலிருந்து தீவு தீவாகப் போகும் கப்பலில் கயிறு பிடிப்பது, தளம் கழுவுவது, கரையில் கட்டுவது அவர் வேலை. கடல் கொந்தளிக்கும் நாளில் டூரிஸ்டுகள் வாந்தியெடுத்து நாறடித்து வைப்பார்கள். அவர் குழாயைப் பிடித்துச் சீட்டியடித்துக்கொண்டே கழுவிவிடுவார். அழுக்கு அவருக்கு என்றைக்கும் அருவருப்பாக இருந்ததில்லை. கார் நிக்கோபார் ஜெட்டியில் ஒரு நாள் அலை கப்பலைத் தூக்கி இழுத்தபோது வடம் அறுந்து வந்து முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவி விசாலாட்சி இருந்தவரை அவள் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு, மெயின்லேண்டில் கட்டிக்கொடுத்த மகள் வந்து இந்த இல்லத்தில் சேர்த்துவிட்டுக் கப்பலேறினாள்.

கால்கள் சூம்பி, உடம்பு ஒட்டி, ஆள் சின்னப்பையன் கனம்தான் இருப்பார். இந்தியும் நன்றாகப் பேசுவார். தூக்கும்போது கத்தமாட்டார். ஆகவே ஒவ்வொரு டிரில்லுக்கும் அவரையே எடுத்தார்கள்.

நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். சைரன் ஊதும். பராமரிப்பு ஆட்களான முத்துராஜும் இன்னொருவனும் ஸ்ட்ரெச்சரோடு மாடிக்கு ஓடிவருவார்கள். சந்திரமோகனைத் தூக்கிப் படுக்கவைத்துப் படி வழியாக இறக்குவார்கள். கீழே கேமரா இருக்கும். புல்தரையில் மீட்புப் படையின் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் கட்டுப் போடுவார்கள். தடியூன்றி நடக்கிற இரண்டு மூன்று பேரையும் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்துவார்கள். பிறகு அவர்களுடைய அதிகாரி மைக்கில், நோயாளிகள் எல்லோரும் பத்திரமாக வெளியேற்றப்பட்டார்கள் என்று அறிவிப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

அந்த முறை சந்திரமோகன் படுத்தபடியே அந்த அதிகாரியைக் கூப்பிட்டார்.

"சாப், ஊபர் அவுர் லோக் ஹை."

மேலே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றதும் அதிகாரி சிரித்தார். கோவிந்தராஜ் குனிந்து தமிழில் சொன்னார்: "மோகன், இது டிரில்லு. எல்லாரையும் எறக்கிட்டு மறுபடி யாரு ஏத்துறது? சும்மா படுங்க."

"கப்பல்ல தலை எண்ணாம டிரில்லை முடிக்க மாட்டாங்க சார்."

"இது கப்பல் இல்லையே."

எல்லோரும் சமோசா சாப்பிட ஏசி ஹாலுக்குள் போனார்கள். சந்திரமோகன் வெயிலில் கிடந்தார். மாடியிலிருந்து பின்பக்கமாக இறங்கும் சாய்தளம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. சக்கர நாற்காலி இறங்குவதற்கென்று கட்டியது. அதில் கோவிந்தராஜ் சிமெண்டு மூட்டைகளையும் உடைந்த கட்டில்களையும் அடுக்கி, மேல் கதவுக்குப் பூட்டும் போட்டிருந்தார். மழையில் சிமெண்டு கல்லாகிப் போயிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. உதட்டோரம் வழிந்த சாயத்தைத் துப்பினார் சந்திரமோகன்.

மாடியில் அவருக்குப் பக்கத்துக் கட்டில் ஐயாவுவுடையது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கச்சால் தீவில் ரப்பர் வெட்டிக் காலத்தை ஓட்டிய மனிதர். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் மெஷினை நம்பி இருந்தார். அறையின் கடைசி மூலையில் இருந்த பிளக்கில்தான் அந்த மெஷின் ஓடும், அதனால் அந்த மூலையில் கிடந்தார்.

"என்னா தம்பி, இன்னைக்கும் செத்துப் பொழைச்சீங்களா?" என்றார் ஐயாவு, சாயத்தைப் பார்த்து.

"சிரிக்காதீங்கண்ணே. வயித்தைப் பொரட்டுது."

"அவுங்க நம்மள மறக்காம வர்றாங்களே, அது போதாதா? எங்க தோட்டத்துல தொரை வர்ற அன்னைக்கு மட்டும்தான் கூலிக்காரங்க லயத்துக்கு வெள்ளையடிப்பாங்க." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். ஆள் எதற்கும் கோபப்படமாட்டார். அதுவே சில நேரம் சந்திரமோகனுக்கு எரிச்சலாக இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர் பேட்டரிகள் வைத்திருந்த இடத்திலிருந்து ஏதோ வெடித்தது. உடனே விளக்கு, மின்விசிறி, ஐயாவுவின் மெஷின் எல்லாம் நின்றன. தொண்டையை அறுக்கிற புளித்த நாற்றத்தோடு கறுப்புப் புகை படி வழியாக ஏறி வந்தது.

ஆயா ஷோபனா கீழே வராந்தாவில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓடினாள். அதற்குப் பெயிண்ட் அடித்து, ஆயுத பூஜைக்குப் போட்ட மாலையைக்கூட எடுக்காமல் வைத்திருந்தார்கள். திறக்கிற சாவியைக் கோவிந்தராஜ் தன் அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு டவுனுக்குப் போயிருந்தார். அவள் வெறுங்கையால் திருகிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டே ஐயாவுவிடம் ஓடிவந்து ஈரத்துணியை அவர் மூக்கில் வைத்தாள்.

முத்துராஜும் மற்றவனும் ஸ்ட்ரெச்சரோடு புகைக்குள்ளிருந்து வந்தார்கள். நேரே சந்திரமோகன் கட்டிலுக்கு வந்தார்கள்.

"என்னை ஏண்டா? அண்ணனைத் தூக்கு. மெஷின் நின்னுபோச்சு."

"நீங்க வாங்கண்ணே மொதல்ல."

"டேய், அவரைத் தூக்குடா. உஸ்கோ பெஹ்லே லேவோ" என்று மற்றவனைப் பார்த்துக் கத்தினார்.

அவர்கள் காதில் அது ஏறவே இல்லை. பயத்தில் அவர்கள் கை தனக்குப் பழகியதைச் செய்தது. ஒருவன் தோளுக்குக் கீழே கைகொடுத்தான், ஒருவன் முழங்காலுக்குக் கீழே. சந்திரமோகன் ஐயாவுவின் கட்டில் கம்பியை எட்டிப் பிடித்தார். ஐயாவு வாய் திறந்து திறந்து மூடினார். போ என்று விரலால் காட்டினார். அப்போது புகை ஒரு அலையாக அவர்கள் மேல் வந்து கவிழ்ந்தது. சந்திரமோகனுக்கு நெஞ்சு அடைத்தது. பிடி விட்டது.

விட்டதா, விட்டாரா என்று பின்னால் அவர் பலமுறை யோசித்தார். படியைத் தாண்டி முதல் காற்று முகத்தில் பட்டபோது உடம்பெல்லாம் இனித்தது. புல்தரையில் கிடந்து அந்த இனிப்பை நினைக்க நினைக்க, அந்தச் சிவப்புக் கூழைவிட அதுதான் அவருக்குக் குமட்டியது.

படி அதற்குள் ஆள் ஏற முடியாமல் ஆகிவிட்டது. பக்கத்து மனையில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த வங்காளிகள் சத்தம் கேட்டு வந்தார்கள். கல்லாகிப்போன மூட்டைகளைச் சாய்தளத்திலிருந்து உருட்டித் தள்ளி, மேல் கதவைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். படுக்கை விரிப்புகளில் போட்டு ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஐயாவு கடைசி மூலை. அதனால் கடைசியில் வந்தார். ஷோபனா அவர் பக்கத்தை விட்டு அசையவில்லை, அவளையும் சேர்த்துத்தான் இழுத்துவந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்து பேட்டரியை அணைத்தது. அன்றைக்கு யாரும் சாகவில்லை. ஐயாவு ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து, ஒரு விடியற்காலையில் போய்ச்சேர்ந்தார்.

செய்தியை மாடிக்கு வந்து சொன்னது கோவிந்தராஜ்தான். "வயசாயிடுச்சு. லங்ஸ் முன்னாடியே போச்சு. என்ன பண்றது" என்றார். பிறகு குரல் மாறாமலே, "தொடர்ந்து டிரில் நடத்தினதாலதான் இவ்வளவு பேரைக் காப்பாத்த முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். பெரிய இடத்துல பாராட்டினாங்க" என்றார்.

சந்திரமோகன் அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு புதுப் பேனா இருந்தது. முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மழை விட்டதும் அடுத்த டிரில் வந்தது. படிக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார்கள். சாய்தளத்தில், கதவு உடைந்த இடத்தை மறைத்துத் தகரம் வைத்துவிட்டார்கள். முத்துராஜ் சாய டப்பாவோடு கட்டிலருகே வந்தான்.

"வேணாம். நான் வரலை" என்றார் சந்திரமோகன்.

"அண்ணே, கீழ எல்லாரும் நிக்கிறாங்க."

"கணபதியைக் கொண்டுபோ."

கணபதி எதிர்க்கட்டிலில் இருந்தார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர், வாதம் வந்து படுத்த பிறகும் மலைபோல இருந்தார். அவரைப் புரட்டிக் குளிப்பாட்டவே ஷோபனாவோடு மூன்று பேர் வேண்டும். முத்துராஜ் மிரண்டுபோய்க் கோவிந்தராஜைக் கூட்டிவந்தான். கோவிந்தராஜ் கெஞ்சினார், பிறகு அதட்டினார். சத்தம் கேட்டு அந்த அதிகாரியே மேலே வந்தார்.

சந்திரமோகன் அவரிடம் இந்தியில் சொன்னார். "சாப், தீப்பிடிச்ச அன்னைக்கு இவங்க என்னை மட்டும்தான் தூக்கினாங்க. என்னைத் தூக்கத்தான் நீங்க கத்துக்கொடுத்தீங்க. இன்னைக்கு இவரைத் தூக்கக் கத்துக்கொடுங்க."

அதிகாரி கணபதியைப் பார்த்தார். கோவிந்தராஜைப் பார்த்தார். இவ்வளவு பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சலோ, உட்டாவோ" என்றார்.

நான்கு பேர் தூக்கினார்கள். படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. கணபதிக்குப் பேச்சு வராது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் விடாமல் வந்தது. பயத்தில் அவருக்குச் சிறுநீர் பிரிந்து கீழ்ப்படியில் நின்ற ஆரஞ்சுச் சட்டைமேல் சொட்டியது. அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை எடுக்கப் பார்த்தான். "பக்டோ, சோட்னா மத்" என்று அதிகாரி அதட்டினார். கேமராக்காரன் எப்போதோ படம் எடுப்பதை நிறுத்தியிருந்தான்.

ஒருவழியாக அவரைத் திரும்ப மேலே கொண்டுவந்து போட்டபோது எல்லோருக்கும் சட்டை நனைந்திருந்தது. அன்றைக்கு யாரும் மைக்கில் பேசவில்லை. அதிகாரி சாய்தளத்துத் தகரத்தைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, சமோசா தொடாமல் ஜீப்பில் ஏறினார். சில வாரத்தில் ஓர் உத்தரவு வந்தது. நடக்க முடியாதவர்கள் அனைவரும் கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட வேண்டும்.

ஏசி ஹாலின் சோபாக்கள் மாடிக்குப் போயின, கட்டில்கள் இறங்கின. அறக்கட்டளைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சந்திரமோகனுக்கும் இடம் ஒன்றும் சுகமாக இல்லை. மேலே கடல் தெரிந்தது, இங்கே ஜன்னலுக்கு வெளியே சமையலறைச் சாக்கடை. கணபதியின் குறட்டை காதுக்கருகில். ஷோபனாவிடம் தினமும் அதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு முற்பகலில் கோவிந்தராஜ் மெயின்லேண்டிலிருந்து வந்த விருந்தாளிகள் சிலரை ஹாலுக்குக் கூட்டிவந்தார். "படுக்கைல இருக்கறவங்களைக் கீழ்த்தளத்துல வெக்கணுங்கறது ஆரம்பத்துலேந்தே எங்க யோசனை" என்று விளக்கிக்கொண்டு நடந்தார். பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மாள் சந்திரமோகன் பக்கம் குனிந்து, இங்கே எல்லாம் வசதியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கும்மா. ஐயாவுன்னு ஒருத்தர் எங்ககூட மேல இருந்தார். அவரைப் பத்தியும் சாரைச் சொல்லச் சொல்லுங்க."

"யார் அது?" என்று அந்த அம்மாள் திரும்பிக் கேட்டாள்.

"பழைய பேஷண்ட் மேடம். ஏஜ்டு கேஸ்" என்றார் கோவிந்தராஜ். "வாங்க, கிச்சன் பார்க்கலாம்."

"மெஷின் நின்னுபோச்சும்மா. சிலிண்டர் சாவி சாரோட அலமாரியில இருந்துச்சு" என்றார் சந்திரமோகன்.

அந்த அம்மாள் கோவிந்தராஜைப் பார்த்தாள். கோவிந்தராஜ் பேனாவை எடுத்தார், மறுபடி பையில் செருகினார். விருந்தாளிகளில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் கூட்டம் மெல்ல வெளியே நகர்ந்தது. அவர்களின் சென்ட் வாசனை கட்டிலைச் சுற்றி நின்றது. சந்திரமோகன் ஷோபனாவைக் கூப்பிட்டு ஜன்னலை நன்றாகத் திறந்துவிடச் சொன்னார்.