என் விளையாட்டில் இல்லாத வீடுகள்

நான்கு வருடமாக நான் தனியாளாக உருவாக்கிவரும் விமானம் ஓட்டும் விளையாட்டை இதுவரை டவுன்லோட் செய்தவர்கள் பதினோரு பேர். அதில் இருவர் என் தங்கைகள்.

பார்த்தவர்களெல்லாம் "கிராஃபிக்ஸ் ரொம்ப மட்டம்" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். காற்றின் திசை, விமானத்தின் எடை எல்லாம் அவ்வளவு துல்லியம். படமா முக்கியம்?

இன்று மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, லேப்டாப்பை மடியில் வைத்து அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். புதுப்பட்டினத்தில் மீன் பிடிக்கிறவராம்.

"இன்னா தம்பி, ஏரோப்ளேனா? எங்கூரு மேல வுடு, பாக்கலாம்."

பன்னிரண்டாவது ஆள் கிடைத்துவிட்டார் என்ற உற்சாகத்தில் கடலோரமாகவே ஓட்டிக்கொண்டு போனேன்.

"புதுப்பட்டினம் வந்துட்டோம்ணா."

அவர் திரையில் தேடினார்.

"வூடுங்க எங்க?"

வீடு, படகு எதையும் நான் வரையவில்லை. வரைந்தால் கம்ப்யூட்டர் திணறும் என்று வெறும் மணலும் கடலுமாக விட்டிருந்தேன்.

அவர் திரையில் அந்த வெறும் மணலை விரலால் தொட்டார்.

"சுனாமி அன்னிக்கு மாடிலருந்து பாத்தப்போ இப்டித்தான் இருந்துச்சி. மூடிடு தம்பி."

மூடினேன். இறங்கும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

நான்கு வருடம் உட்கார்ந்து நான் சரிசெய்தது காற்றை.

வீடு வரையத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பதினோரு பேரில் யாராவது புதுப்பட்டினம் பக்கம் பறந்திருந்தால், தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள்.