ஹென்டர்சனில் துவக்கில்லாத கடை

டெக்ஸாஸிலிருந்து வந்திருக்கும் நான், நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் தோழி சிவகாமியின் சிறு மளிகைக் கடையில் நிற்கிறேன். போன வாரம் இருவர் சுத்தியலோடு வந்து சிகரெட்டுகளை அள்ளிப் போயிருக்கிறார்கள்.

"ஊர்ல என்கிட்ட கைத்துப்பாக்கி இருக்கு. சுவரைத் துளைச்சுப் பக்கத்து ரூமுக்குப் போகாத தோட்டாவாப் பார்த்து வாங்கினேன்," என்கிறேன்.

"இஞ்ச தற்காப்புக்கெண்டு துவக்கே தரமாட்டினம். பிறகெங்க துவக்கு ரவையைப் பாத்து வாங்கிறது?" என்றபடி சிவகாமி கல்லாவுக்கு அடியிலிருக்கும் பொத்தானைக் காட்டுகிறாள். "இதை அமத்தினா கடை முழுக்கப் புகை, வந்தவனுக்கு ஒண்டும் கண் தெரியாது. நான் பின்கதவால போயிடுவன்."

"கடையை வித்துடலாமே?"

"ஏன் விக்கோணும்?"

முகத்தைப் பாதி மூடிய ஒருவன் உள்ளே வருகிறான். என் கை தானாக இடுப்புக்குப் போகிறது, அங்கே எதுவுமில்லை. சிவகாமி பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, அவனை நேராகப் பார்த்துக் காலை வணக்கம் சொல்கிறாள். அவன் பால் வாங்கிக்கொண்டு வெளியே போன பிறகுதான் விரலை எடுக்கிறாள்.