பழைய மணி ஏழரை

போன வாரம் பிலோமினா கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய மகள் துருக்கியில் ஏதோ ஒரு மலைப்பக்கம், ஒரு வேனின் படியில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறாள். பின்னால் வானம் முழுக்க வெப்பக்காற்று பலூன்கள். வேனுக்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டாம். படத்துக்குக் கீழே ஒரு குரல் செய்தி. "பாருங்கண்ணே என் மக கூத்த. அஞ்சு ரூம் வீட்ட விட்டுட்டு வேன்ல போய்த் தூங்குறா லா. ஆனா பலூன் அழகாத்தான் இருக்கு. நான் ஒரு பலூனக்கூட நேர்ல பாத்ததே இல்ல."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று தடவை திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நீங்கள் கேட்டால் சாதாரணப் பேச்சாகத்தான் தெரியும். ஏனென்றால், பலூனைப் பார்த்துத்தான் பிலோமினாவுக்குக் கல்யாணமே ஆனது என்று நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவன் நான். நீங்கள் இல்லை.

வேனில் தூங்குவது என்றதும் என் மூக்கில் மிளகாய்த் தூள் ஏறிவிட்டது. எங்கள் வேனில் கட்டில் கிடையாது, சாக்குதான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மசாலா மில்லின் வேன் அது. ஓட்டுநர் என் நண்பன் சுப்பிரமணி. தேக்காவில் தொடங்கி மார்சிலிங் வரை கடை கடையாக மல்லித் தூளும் மஞ்சள் தூளும் போட்டு வருவான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பத்து நிமிஷம் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சக்காரனுக்கும் கண்ணீர் வரும். இந்த வேனில்தான் நாங்கள் மூன்று பேர் பலூன் பார்க்கப் போய் ஓர் இரவு தங்கினோம். அதற்கு இன்றைக்கு ஆங்கிலத்தில் 'வேன் லைஃப்' என்று அழகான பெயர் இருக்கிறது. நாங்கள் 'மணி வண்டியில படுக்கிறது' என்றுதான் சொன்னோம்.

மணியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1982 பிறந்தபோது நம் ஊர்க் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் மாற்றினார்கள், நாமும் மாற்றினோம். கொஞ்ச நாளைக்கு யார் நேரம் சொன்னாலும், "புது மணியா, பழைய மணியா?" என்று கேட்காமல் இருக்க முடியாது. எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள், எங்கள் மணியைத் தவிர. "என்னக் கேட்டா அரை மணி எடுத்தாங்க? நான் குடுக்க மாட்டேன் லா" என்று கைக்கடிகாரத்தையும் வீட்டு அலாரத்தையும் அப்படியே விட்டுவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் 'பழைய மணி' என்றே பெயராகிவிட்டது. பிறந்தபோதே அந்தப் பெயருக்குத் தயாராக இருந்தவன்.

நானோ அதற்கு நேர் எதிர். ஒரு கப்பல் பட்டறையில் டைம்கீப்பர் வேலை. வாசலில் உட்கார்ந்துகொண்டு, யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று எழுதுவேன். ஒரு நிமிஷம் பிந்தினாலும் சிவப்பு மை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. சூரியனே என்னிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறது என்கிற நினைப்பு.

அதே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவன் ஆரோக்கியம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுவான். பாட்டு சுமார்தான். பக்கத்து வரிசையில் பிலோமினா நிற்பாள், அதனால் ஒரு வாரம் தவறமாட்டான். இரண்டு வருஷமாக அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு பானக் கம்பெனி மார்சிலிங் பக்கத்துத் திடலில் பலூன் விழா நடத்தியது. போத்தல் மூடிக்குள் அதிர்ஷ்ட எண். ஆரோக்கியத்துக்கு விழுந்தது. கயிற்றில் கட்டிய பலூனில் கால் மணி நேரம் மேலே போய் வரலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆஜராக வேண்டும், ஏழரைக்கு மேலே ஏறும், வராதவர் இடம் அடுத்தவருக்கு.

"ஏழரையா? வேற நேரமே கெடைக்கலையா இவனுங்களுக்கு?" என்றான் மணி. சனி பிடிக்கிற கணக்கில் அவன் ரொம்பக் கண்டிப்பு.

ஆரோக்கியத்துக்குச் சனியும் தெரியவில்லை, கிரகமும் தெரியவில்லை. அந்தத் திடலைப் பார்த்தபடிதான் பிலோமினாவின் அடுக்குமாடி இருந்தது. பதினோராவது மாடி, சமையலறை ஜன்னல். வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் அவள் முன்னால் போய் நின்று, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறான். "ஞாயித்துக்கிழம காலைல ஏழரைக்கு உங்க கிச்சன் ஜன்னல்ல நின்னு பாருங்க. பலூன்ல நான் இருப்பேன். சிவப்புக் கைக்குட்டை ஆட்டுவேன். உங்களுக்குச் சம்மதம்னா நீங்களும் எதையாச்சும் சிவப்பா ஆட்டுங்க."

"எதுக்குச் சம்மதம்?" என்று அவள் கேட்டாளாம்.

"அதான்..." என்று சொல்லிவிட்டு ஆள் ஓடி வந்துவிட்டான். இதை எங்களிடம் சொல்லும்போதுகூட அவனுக்கு மூச்சு வாங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன கெட்டுவிடப் போகிறது?

ஞாயிறு காலை அவ்வளவு சீக்கிரம் தேக்காவிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாது. அதனால் சனிக்கிழமை சாயங்காலமே வேனைத் திடல் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். மண்ணெண்ணெய் அடுப்பில் சார்டின் சுட வைத்து, ரொட்டியோடு சாப்பிட்டோம். மணி ஒரு காரியத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தான். "டேய், பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா? கயிறு அறுந்தா நேரா ஜொகூர்ல போய் எறங்குவே. அப்புறம் நீ கள்ளக் குடியேறி லா." ஆரோக்கியம் நிஜமாகவே பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கூடவே அயர்ன் செய்த சிவப்புக் கைக்குட்டை.

இனி வருவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கைக்கடிகாரம் புது மணி, ஆனால் அதில் அலாரம் கிடையாது. மணி கொண்டு வந்த அலாரம் கடிகாரம் பழைய மணி. "நீதானே பெரிய டைம்கீப்பர், நீயே வை" என்று என் கையில் கொடுத்தார்கள். புது மணி ஆறரைக்கு எழ வேண்டும். அரை மணியைக் கழித்து ஆறு என்று வைக்க வேண்டும். நான் கூட்டி ஏழு என்று வைத்தேன். யோசித்து, விரல் விட்டு எண்ணி, மிகுந்த பெருமையோடு வைத்தேன்.

எங்களை எழுப்பியது அலாரம் இல்லை. லாரி காற்றுப் பிரேக் போடுவதுபோல 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் தலைக்கு மேலே. பின்கதவைத் திறந்தால் நன்றாக விடிந்திருந்தது. பட்டை போட்ட பலூன் ஒன்று எங்கள் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கூடையில் சிவப்புத் தொப்பி போட்ட யாரோ ஒரு சீன மாமா, இரண்டு கையையும் ஆட்டி ஊருக்கே டாட்டா காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் அலாரம் அப்போதுதான் நிதானமாக அடிக்க ஆரம்பித்தது.

"ஏழுதானே ஆகுது!" என்றான் மணி, கடிகாரத்தைப் பார்த்து.

"உன் பழைய மணியாலதான்டா எல்லாம் போச்சு!" என்று நான் கத்தினேன். யோசிக்கவே இல்லை, வாயில் அதுதான் வந்தது. வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆரோக்கியம் எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. முதுகெல்லாம் மஞ்சள் தூளோடு நின்று அடுக்குமாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று என் கையைப் பிடித்து நசுக்கினான். "ஆட்டுறா மச்சான்! பதினோராவது மாடி! சிவப்பு!" நானும் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் ஆள் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே சிவப்பாக ஏதோ அசைந்தது நிஜம். அடுத்த நிமிஷமே அவன் முகம் விழுந்துவிட்டது. "அந்தத் தொப்பிக்காரன நான்னு நெனச்சு ஆட்டுறா" என்றான்.

பலூனைத் தவறவிட்டதை வெளியே சொல்வதில்லை என்று மூன்று பேரும் மல்லித் தூள் மூட்டைமேல் சத்தியம் செய்தோம். ஒன்பது மணிப் பூசைக்கு அவன் அப்படியே மஞ்சள் சட்டையோடு போனான். மணியும் நானும் கோயில் கேட்டுக்கு வெளியே நின்றோம். பூசை முடிந்து வந்தவன், "சரின்னுட்டா" என்றான். அதற்குமேல் அவனுக்குப் பேச்சு வரவில்லை.

அதற்கப்புறம் நாற்பது வருஷமாகப் பேச்சு நிற்கவே இல்லை. கல்யாணம், ஞானஸ்நானம், கிறிஸ்துமஸ் எதுவானாலும் அவன் பலூனில் பறந்த கதை உண்டு. ஒவ்வொரு வருஷமும் பலூன் இன்னும் கொஞ்சம் உயரே போகும். கடைசிப் பேத்தி பிறந்தபோது ஆரோக்கியம் ஜொகூர் அரண்மனைத் தோட்டக்காரனுக்கே கை காட்டிவிட்டிருந்தான். அவன் கதையை ஆரம்பித்தால் பிலோமினா, "தண்ணி கொண்டாறேன்" என்று எழுந்து உள்ளே போய்விடுவாள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆரோக்கியம் போய்விட்டான். இப்போது இந்தக் குரல் செய்தி. பொறுக்க முடியாமல் அவளை அழைத்தேன்.

"என்னம்மா, பலூனப் பாத்ததே இல்லங்கிற? அன்னிக்கு ஜன்னல்ல நின்னியே?"

போனில் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சிரித்தாள். "அவருதான் இல்லையே, இனி சொன்னா என்னண்ணே. ஏழரைக்கு நின்னேன். ஆனா எங்க வீட்டுச் சுவர்க் கடிகாரத்த அப்பா மாத்தவே இல்ல. பழைய மணி ஏழரை, புது மணில எட்டு. ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழியில அம்மா காயப்போட்ட துணிய விலக்கிட்டுப் பாக்குறேன், வானத்துல ஒரு காக்காகூட இல்ல. ஏமாத்திட்டாருன்னு அழுதுட்டேன். அப்புறம் பூசையில, சட்டையெல்லாம் மஞ்சளா கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நின்னு, 'பாத்தேன், நீங்க ஆட்டுனதப் பாத்தேன்'ங்கிறாரு. நான் எதையும் ஆட்டலையே. பொய்யின்னு தெரிஞ்சுச்சு. ஆனா அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு அந்த மூஞ்சி. இல்லேன்னு சொல்ல மனசு வரல. சரின்னுட்டேன்."

எனக்கு அந்தப் பதினோராவது மாடி ஜன்னல் ஞாபகம் வந்தது. "அம்மா காயப்போட்ட துணியில சிவப்பா ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"அப்பாவோட துண்டு. ஏன்?"

சொன்னேன். மல்லித் தூள் சத்தியத்தை உடைத்து, சீன மாமாவின் தொப்பியிலிருந்து மூங்கில் கழியில் ஆடிய துண்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு அவரு பொய் சொல்லலையா?"

"அன்னிக்குச் சொல்லல. அதுக்கப்புறம் சொன்னதெல்லாம் பொய்."

அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அந்த ஒரு பொய்ய மன்னிச்சுட்டேன்னு நாப்பது வருஷமா பெருமையா இருந்தேன் லா" என்றாள். "இப்ப எதுக்கு அவர மன்னிச்சேன்னே தெரியல."

அந்தத் திடலில் இப்போது நாற்பது மாடிக் கட்டடங்கள். புது வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகுகிற குழாயே கிடையாது. துணி உள்ளேயே காய்கிறது, யாருக்கும் எந்தச் செய்தியும் சொல்வதில்லை. மசாலா மில் இருந்த இடத்தில் ஹோட்டல் வந்துவிட்டது. புது மணியா, பழைய மணியா என்று யாரும் கேட்பதில்லை.

மணி புக்கிட் பாஞ்சாங்கில் மகன் வீட்டில் இருக்கிறான். நேற்று போன் போட்டு, அலாரத்தைத் தப்பாக வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவனோ, "அப்ப என் மணி சரியாத்தான் இருந்திருக்கு" என்றான். ஆரோக்கியத்தின் பலூனைத் தான் கெடுத்துவிட்டதாக இத்தனை வருஷம் உள்ளுக்குள் வைத்திருந்திருக்கிறான். வாராவாரம் ஆரோக்கியம் வீட்டுக்கு மசாலாப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் அதற்குத்தானாம்.

பிலோமினாவிடம் சொல்லியாகிவிட்டது, மணியிடமும் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு உன்னைப் பார்த்து யாருமே எதையும் ஆட்டவில்லை, இருந்தும் அவள் சரி என்றாள் என்று ஆரோக்கியத்திடம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் மட்டும் நான் பிந்திவிட்டேன்.