கோதைநாயகி மாமியின் வலிக்காத கல்

"வலியே இல்லையேடி ரஞ்சனி, அப்புறம் என்ன கல்லு?"

தினமும் காலையில் கோலத்தை முடித்து நிமிரும்போது கோதைநாயகி மாமி என்னிடம் கேட்டது இதைத்தான். வலித்திருந்தால் ஒரு முடிவுக்கு வந்திருப்பார். வலிக்காததுதான் அவருக்குப் பெரிய குறை.

ஸ்ரீரங்கம் வடக்கு சித்திரை வீதியில் மாமி எங்களுக்கு எதிர்வீடு. கணவர் காலமாகிவிட்டார். ஒரே பெண் ஜாஹ்னவி அமெரிக்காவில் டல்லாஸில் இருக்கிறாள். கோடையில் மாமி மொட்டைமாடியில் மடியாக வடாம் பிழிந்து விற்பார். அதைத் தவிர அவருடைய முழுநேர வேலை சந்தேகப்படுவது. பூக்காரி அளந்த முழத்தைத் தன் கையால் மறுபடி அளப்பார். நான் கொடுத்தனுப்பும் பாயசத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டு போவார்.

ஜாஹ்னவிக்கு ஆவணியில் பிரசவம். மாமி போய்ப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. கிளம்புவதற்கு முன் முழு உடம்பையும் பரிசோதித்துவிடச் சொன்னாள் பெண். அந்த ஸ்கேனில்தான் இடது கிட்னியில் கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு கல் தெரிந்தது.

"லேசர்ல உடைச்சிடலாம் மேடம். இந்த வாரமே பெட் இருக்கு. உள்ளே ஒரு சின்ன ட்யூப் வைப்போம், அப்புறம் எடுத்துடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள் ஆஸ்பத்திரிப் பெண்.

வெளியே வந்ததும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலிக்கறவா எல்லாம் காத்துண்டிருக்கா. வலிக்காத எனக்கு இந்த வாரமே பெட்டாம். ஏன்? அவ எதுக்குச் சிரிச்சா?"

"நீங்க முறைச்சீங்க மாமி, அவ சிரிச்சா. வேற என்ன செய்வா?"

"இது என் கல்லே இல்லை. வேற யாரோட கல்லுக்கோ என் பேரைப் போட்டுக் குடுத்துட்டா."

அன்று சாயங்காலம் ஜாஹ்னவி போனில் பிடிவாதம் பிடித்தாள். "அம்மா, கல்லை எடுத்துட்டே வந்துடு. இங்க வந்து வலி வந்துதுன்னா நான் குழந்தையைப் பார்ப்பேனா, உன்னைப் பார்ப்பேனா?"

போனை வைத்ததும் மாமியின் முகம் வாடிவிட்டது. பெண் தன்னைப் பாரம் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். கல்லை எடுக்கப் போய் ஏதாவது ஆகிவிட்டால் பிரசவத்துக்குப் போக முடியாது. எடுக்காமல் போய் அங்கே வலி வந்தால் உதவிக்குப் போனவரே படுக்கையில் விழ வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பத்து நாள் தூங்கவில்லை.

பொறுக்க முடியாமல் நான்தான் தில்லைநகரில் எனக்குத் தெரிந்த வயதான டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடைப்பு இல்லை, இன்ஃபெக்‌ஷன் இல்லை, வலியும் இல்லை. இப்போதைக்கு விட்டுடலாம்மா. கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். தூரம் போறோம்னு முன்னாடியே எடுத்துக்கறவங்களும் உண்டு, அதுவும் தப்பில்ல. என்னைக்கும் வலியே வராதுன்னு என்னால காரன்டி தர முடியாது. காய்ச்சலோட வலி வந்தா மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது."

மாமி என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். "ஒண்ணும் பண்ண வேண்டாங்கறாரே, இவருக்குத் தொழில் தெரியுமோ? உனக்குச் சொந்தமா?"

டாக்டர் காதில் விழுந்திருக்கும். சிரிக்கவில்லை. "தண்ணி நல்லா குடிப்பீங்களாம்மா?"

"நன்னா குடிப்பேனே."

எனக்குச் சுர்ரென்றது. "பொய் சொல்றாங்க டாக்டர். வடாம் போடற நாள்ல இருட்டோட குளிச்சு மடி உடுத்துவாங்க. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், போனா மடி போயிடும், மறுபடி தலையோட குளிக்கணும். அதனால வெயில்ல மாடியில நின்னுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் ஒரு சொட்டு குடிக்க மாட்டாங்க."

"எத்தனை வருஷமா?"

"ஆத்துக்காரர் போனதுலேர்ந்து" என்றார் மாமி, தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் ஸ்கேனை உறைக்குள் போட்டார். "கல்லை நான் எடுத்தாலும் சரி, வேற யார் எடுத்தாலும் சரி. இப்படியே இருந்தா இன்னொண்ணு வளரும். முதல்ல தண்ணி குடிங்க."

திரும்பும்போது ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையை மாமி இரண்டு தடவை எண்ணினார். காவிரிப் பாலம் ஏறியதும் கேட்டார். "தீர்த்தம் குடின்னு சொல்றதுல அவருக்கு என்ன லாபம்?"

"ஒரு லாபமும் இல்ல மாமி."

"பாட்டில் தண்ணி கம்பெனில ஏதாவது..."

"வீட்டுக் குழாய்த் தண்ணியைத்தான் குடிக்கச் சொன்னாரு."

அம்மா மண்டபம் வரும்வரை யோசித்தார். எதுவும் அகப்படவில்லை. மாமி வாழ்க்கையில் சந்தேகம் தீர்ந்துபோய் உட்கார்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கல்லை இப்போதைக்குத் தொடுவதில்லை என்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து மாடிக்கு வெள்ளிச் சொம்பில் தண்ணீர் போயிற்று. மாடிப்படிக்குக் கீழே புழங்காமல் கிடந்த பாத்ரூமைத் தேய்த்துக் கழுவி, பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வேறு யாரும் நுழையாத இடத்துக்குப் போனால் கை கால் அலம்பினால் போதும், மடி கெடாது என்பது அவரே போட்ட சட்டம். அவர் கீழே இறங்கும் நேரத்தில் காக்காய் விரட்ட நான் ஒரு குச்சியோடு மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

"தனியா இருக்கற வீட்டுல யாருக்கு மாமி பூட்டு?"

"உனக்குத்தான்."

போன வாரம் இரண்டாவது ஸ்கேன் எடுத்தோம். கல் அதே அளவில் அதே இடத்தில் இருந்தது. "பழைய படத்தையே மறுபடி பிரிண்ட் போட்டுட்டானோ?" என்று மாமி தேதியை இரண்டு தடவை பார்த்தார். தில்லைநகர் டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஜாஹ்னவியும் அரை மனதாகச் சம்மதித்தாள். "வாம்மா. ஆனா என் கண்ணு முன்னாடிதான் நீ தண்ணி குடிக்கணும்."

மாமி ஆடிக் கடைசியில் விமானம் ஏறுகிறார். அதுவரை நான் ஒருத்தி எத்தனை நேரம் காவல் இருப்பது? இந்தப் பக்கம் வந்தால் எதிர்வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். எதற்கு வந்தீர்கள், யார் அனுப்பினார்கள் என்று குடைவார். கண்டுகொள்ளாமல் உட்கார்ந்து குடிக்கத் தீர்த்தம் கேளுங்கள், அவரையும் கூடவே ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லுங்கள். டம்ளரைத் தூக்கிக் காட்டி ஏமாற்றப் பார்ப்பார். தொண்டை அசைகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.