ரோஸேர் அடைத்த கூரை

மொன்றியலில் ரோஸேர் ஜாங்ராவைப் போலக் காற்றைப் பகைத்துக்கொண்ட மனிதர் வேறு யாரும் இல்லை. அக்டோபர் பிறந்துவிட்டால் குளிர்காற்று புகும் இடுக்கை அடைக்கப் பசைக்குழாயும் கையுமாக வீட்டைச் சுற்றி வருவார். ஜன்னல் இடுக்கு, கதவின் அடி, சாவித்துவாரம் எதுவும் தப்பாது. மூன்றாம் மாடியில் குடியிருந்தார். நடுக்கூடத்துக்கு மேலே கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு இருந்தது. போன குளிர்காலத்தில் அதையும் திருகாணி போட்டு முடுக்கிப் பசையை அப்பிவிட்டார். பார்க்க வருகிறவர்களையெல்லாம் அதன் கீழே நிறுத்தி, “ஒரு பொட்டுக் காத்து வருதா, சொல்லு” என்பார்.

ஜூலையில் வெயில் கொளுத்தியது. தெருவிலிருந்த ஏசிகள் எல்லாம் சேர்ந்து இழுத்ததில் மின்சாரம் போயிற்று. மனைவி ஃப்ளோரெட்டுக்கு ஏற்கெனவே நுரையீரல் சரியில்லை. வீட்டுக்கு வெளியே சுற்றிச் சுற்றி இறங்கும் இரும்புப் படியில் அவளைத் தூக்கிப் போவது நடக்கிற காரியமில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை. அவள் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது.

ரோஸேர் முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டார். திரைச்சீலை அசையவில்லை. தெருமுக்கில் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடி, வருகிற கொஞ்சக் காற்றையும் மறித்துக்கொண்டது. வீட்டுக்குள் இருந்த சூடு மேலே ஏறி, வெளியேற வழியில்லாமல் கூரையடியில் தங்கிவிட்டது. அது போனால்தானே வேறு காற்று உள்ளே வரும்?

“கிழவா, மேல அடைச்சியே, அதைத் திற” என்றாள் ஃப்ளோரெட்.

“திருகு அசைய மாட்டேங்குது. நல்லா முடுக்கிட்டேன்.” அப்போதும் அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“பெருமைய அப்புறம் பீத்திக்கலாம். எனக்கு மூச்சு முட்டுது.”

படியில் உறைந்த பனியைக் கொத்துகிற கடப்பாரையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைமேல் ஏறினார். ஓங்கி ஓங்கி இடித்தார். கண்ணாடி நொறுங்கிக் கொட்டியது. கூரையடியில் நின்ற சூடு குப்பென்று வெளியேறியது. பின்கதவுத் திரை உள்பக்கமாகப் புடைத்தது. கொல்லைச் சந்தின் மர நிழலில் கிடந்த காற்று அவள் படுத்திருந்த கட்டில் வரைக்கும் வந்தது. ஃப்ளோரெட் ஒரு மூச்சு முழுசாக இழுத்தாள். பிறகு இன்னொன்று. தலை முழுக்கக் கண்ணாடித் தூளோடு ரோஸேர் மேசைமேலேயே நின்று அழுதார்.

சத்தம் கேட்டு, கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் அதெலார் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

“யோவ், உனக்கென்ன பைத்தியமா? கூரையில ஓட்டை போட்டு வச்சிருக்க! நவம்பர்ல பனி உள்ள கொட்டும்யா!”

“அவ நவம்பரைப் பாக்கட்டும்” என்றார் ரோஸேர். “அப்புறம் அடைக்கிறேன்.”