அண்ணனுக்கு நான் கொடுத்த அணுக்கள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பொங்கலன்று காலையில்தான் இது ஆரம்பித்தது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடிய கொஞ்ச வருடத்திலேயே அவரும் போய்விட்டார். அந்த வீட்டில் இப்போது அம்மாவும் அண்ணனும் அண்ணியும். நான் கல்யாணமாகி பேத்தமங்களாவில் இருக்கிறேன். அண்ணனுக்கு பெங்களூரில் ஏசி மெக்கானிக் வேலை. விடியும் முன் ரயிலேறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற எத்தனையோ தங்கவயல்காரர்களில் அவனும் ஒருவன்.

அன்று நான் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கழுத்துப் பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பட்டன் ஏறவில்லை.

"இன்னாமா இது, கடைக்காரன் சைஸ மாத்திக் குடுத்துட்டானா?" என்றான்.

அம்மா பக்கத்தில் போய்ச் சட்டையைப் பார்க்காமல் அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். "நெறி கட்டிகினு கீதுடா. பல்லு கில்லு வலிக்குதா?"

பல் வலிக்கவில்லை. தலையில் புண்ணும் இல்லை. அந்தக் கட்டியும் வலிக்கவில்லை. அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். நாங்கள் பொங்கல் சாப்பிட்டோம். சட்டையின் கழுத்துப் பட்டனைத் திறந்து விட்டபடியே அவன் சினேகிதர்களைப் பார்க்கக் கிளம்பிப் போனான். வலிக்காத கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மாசி முடிவதற்குள் அக்குளிலும் ஒன்று வந்துவிட்டது. உடம்பு இளைத்தது. தூங்கி எழுந்தால் தலையணை பிழிகிற மாதிரி நனைந்திருக்கிறது என்று அண்ணி சொன்னாள். உள்ளூர் டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெங்களூருக்குப் போகச் சொன்னார். அங்கே கழுத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்துச் சோதித்தார்கள். நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய்.

நிணநீர் என்ற சொல்லையே நான் அன்றுதான் கேட்டேன். டாக்டர் பொறுமையானவர். ரத்தம் ஓடுகிற மாதிரியே உடம்பு முழுவதும் நிணநீர் என்று ஒன்று ஓடுகிறது, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு என்று வழி நெடுக சின்னச் சின்னக் கணுக்கள் இருக்கின்றன, வெளியிலிருந்து கிருமி எது வந்தாலும் அங்கே இருக்கிற வெள்ளை அணுக்கள் பிடித்துவிடும், அந்தக் காவல்கார அணுக்களே கெட்டுப்போய்ப் பெருகுவதுதான் இந்த நோய் என்றார்.

அண்ணன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "எங்கப்பா ஷிப்ட் முடிஞ்சு வரச்சொல்ல கேட்ல நிக்க வெச்சு தடவித் தடவிப் பாப்பாங்க சார், தங்கம் எடுத்துகினு போறானான்னு. அந்த மாரி தடவறவனே திருடனாயிட்டான், அதான சொல்றீங்க?"

டாக்டரும் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது, கட்டிகள் கரைந்தன. அவன் மறுபடி ரயிலேறி வேலைக்குப் போனான். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஒரு வருடம் போயிருக்கும். குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தவன் அண்ணியைக் கூப்பிட்டு, கழுத்தின் இன்னொரு பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னானாம். எனக்கு போன் பண்ணிய அண்ணி, "திரும்பி வந்துட்ச்சு" என்ற ஒரு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

இந்தத் தடவை மருந்து மட்டும் போதாது என்றார் டாக்டர். அவனுடைய எலும்பு மஜ்ஜையை அழித்துவிட்டு, பொருத்தமான வேறொருவரின் ஸ்டெம் செல்களை, அதாவது ரத்த அணுக்களை உண்டாக்கும் மூல அணுக்களை, ஏற்ற வேண்டும். அதிலிருந்து புதுக் காவல் படையே அவன் உடம்பில் உண்டாகும். கூடப் பிறந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் முழுசாகப் பொருந்தும். எனக்குப் பொருந்தியது.

அந்தச் செய்தி வந்த அன்று நாங்கள் அழுத அழுகை சந்தோஷத்தில் அழுதது. அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "ஒரே வயித்துல பொறந்ததுங்க. அது சேராம வேற எது சேரும்?" என்றாள்.

டாக்டர் ஒன்றும் மறைக்கவில்லை. சில சமயம் கொடுப்பவரின் அணுக்கள் வாங்குபவரின் உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கும் என்றார். பிள்ளை பெற்ற பெண் ஆணுக்குக் கொடுத்தால் அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். கர்ப்ப காலத்தில் தனக்குச் சொந்தமில்லாத ஓர் உடம்பை அவள் அணுக்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகியிருக்கும். ஆனால் என்னை விட்டால் பொருத்தமானவர் யாரும் இல்லை, காத்திருக்க நேரமும் இல்லை என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது. மனசில் நின்றது 'பொருந்தியிருக்கிறது' என்ற ஒரு சொல்தான்.

அணுக்களைப் பெருக்க எனக்கு ஊசி போட்டார்கள். இடுப்பும் தொடையும் பிரசவ வலி போல் இழுத்தன. பிறகு இரண்டு கையிலும் குழாய் மாட்டி, ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் போகும், வேண்டியதை மெஷின் எடுத்துக்கொண்டு மறு கை வழியே மிச்சத்தைத் திருப்பித் தரும். சேர்ந்தது ஒரு சின்னப் பை. தக்காளி ரசம் மாதிரி ஒரு நிறம். இவ்வளவுதானா என்று இருந்தது. அது அண்ணனுக்குள் இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையாக நான் எதையும் செய்ததில்லை.

என் அணுக்கள் அவன் உடம்பில் பிடித்துவிட்டன. போகப் போக அவனுடைய பிளட் குரூப்பே என்னுடையதாக மாறிவிடும் என்று நர்ஸ் சொன்னபோது, "லைசென்ஸ்ல வேற மாத்தணுமா? ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் போனா இருக்கிற உசுரும் போயிடும்மா" என்றான்.

ஆனால் ஊருக்குத் திரும்ப விடவில்லை. புது அணுக்கள் பலப்படும் வரைக்கும் சின்ன சளி கூட ஆபத்து. எங்கள் ஊரில் காற்றடித்தால், சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டுத் தூள் வீட்டுக்குள் சோறு வரைக்கும் வரும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து அண்ணி அவனோடு தங்கினாள். இருமல்காரியான அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நான் மட்டும் ரயிலேறிப் போய் வருவேன்.

ஒரு நாள் போனபோது உள்ளங்கையைக் காட்டினான். மருதாணி வைத்த மாதிரி சிவந்திருந்தது. "அரிக்குது பாப்பா" என்றான். அடுத்த தடவை போனபோது காதும் கழுத்தும் சிவந்து தோல் உரிய ஆரம்பித்திருந்தது. பிறகு பேதி. தண்ணீர் குடித்தாலும் வெளியே போனது. கண்கள் மஞ்சளாயின. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஸ்கேனில் புற்றுநோய் எங்கேயும் தெரியவில்லை, என் அணுக்கள் அதைத் துடைத்துவிட்டன. இப்போது அதே அணுக்கள் அவன் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குகின்றன. நான் கேட்காமலே அவர் சொன்னார், "இதுல உங்க தப்பு எதுவும் இல்லமா."

அதற்குப் பிறகு என்னால் அவன் அறைக்குள் போக முடியவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் போவேன். வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, அண்ணியிடம் பழைய துணியை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். ஒரு நாள் மத்தியானம் அண்ணி வெளியே வந்து, "உன்னைத்தான் கேட்டுகினே கீறாரு. வா" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அண்ணனைத் தேட வேண்டியிருந்தது, அவ்வளவு சுருங்கியிருந்தான்.

"இன்னா, வெளியவே ஒக்காந்துகினு போயிடறியாமே?"

நான் கட்டில் ஓரமாகப் போய் நின்றேன்.

"டாக்டரு எனுக்கும் சொல்லிட்டாரு. சின்ன வயசுலருந்து என் கூட சண்ட போட்டவதான நீ. அது பாட்டுக்குப் போடட்டும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாத. ஏதோ கிருமின்னு சொல்லு. அது தாங்காது."

சரி என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அப்போதுதான், காய்ச்சல் வேகத்தில், கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"எரியுது பாப்பா. ஒடம்பெல்லாம் எரியுது. உன்னுதுதான அது? நீ சொன்னா கேக்காதா? நிறுத்தச் சொல்லேன்."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உன் பிள்ளை எங்கள் வீட்டில் வந்து லூட்டி அடிக்கிறான், கொஞ்சம் கூப்பிட்டுக்கொள் என்று சொல்கிற மாதிரி, கெஞ்சலாகச் சொன்னான். நான் அவன் காலைத் தொடப் போய், தோல் உரிந்திருப்பதைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டேன். எங்கே தொட்டாலும் வலிக்கும். அங்கே நின்றபடி, பைத்தியக்காரி மாதிரி, வாய்க்குள்ளேயே சொன்னேன். போதும், விட்டுடு, இவன் என் அண்ணன் என்று. யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

என் அணுக்களை அடக்க மருந்து கொடுத்தார்கள். அவை அடங்கியதும் அவனைக் காக்க உடம்பில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று. நமக்கெல்லாம் ஒன்றும் செய்யாத ஏதோ ஒரு பூஞ்சைக் கிருமி நுரையீரலில் இறங்கியது. ஆனி மாதத்தில் ஒரு விடிகாலை, வழக்கமாக அவன் ரயிலேறுகிற நேரத்தில், அண்ணன் போய்விட்டான். கடைசியில் அவனுக்கு ஏற்றியதெல்லாம் என் குரூப் ரத்தம்தான்.

அம்மாவிடம் கிருமி என்றே சொன்னோம். அது பாதி உண்மை.

சமீபத்தில் நான் அம்மா வீட்டில் இருந்தபோது, தங்கவயலிலேயே இன்னொரு பக்கமான ஊரிகத்திலிருந்து ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். முன்பின் பழக்கமில்லை. அவளுடைய தம்பிக்கு இதே சிகிச்சை செய்யப் போகிறார்களாம், அவளுடையது பொருந்தியிருக்கிறதாம். "நீங்கதான் உங்க அண்ணனுக்குக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க. அதான் கேட்டுகினு போலாம்னு வந்தேங்க்கா" என்றாள்.

நான் வாயைத் திறக்கும் முன் அம்மா முந்திக்கொண்டாள். "குடுமா, பயப்படாத. என் பொண்ணு குடுத்ததாலதான் அவன் இன்னும் கொஞ்ச மாசம் எங்க கூட இருந்தான். எந்த வீட்டு நோவோ வந்து தூக்கிகினு போயிட்ச்சு. இவ இன்னா பண்ணுவா?"

அந்தப் பெண்ணை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு விடுகிறேன் என்று கிளம்பினேன். போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளங்கை சிவந்ததை, அண்ணன் என்னிடம் கெஞ்சியதை, எதையும் விடாமல் சொன்னேன். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப குடுக்கலாமா, வேணாமாக்கா?"

"எனுக்குத் தெரியலமா. நல்லாயிட்டவங்க நெறைய பேரு கீறாங்கன்னு டாக்டரு சொல்றாரு. நான் பாத்தது ஒண்ணுதான்."

"இதெல்லாம் தெரிஞ்சும் மறுபடி கேட்டா, நீங்க குடுப்பீங்களா?"

"குடுப்பேன்" என்றேன். யோசிக்கும் முன்பே வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

என்னிடம் இருந்ததிலேயே நல்லதைத்தான் அண்ணனுக்குக் கொடுத்தேன், அதுவேதான் அவனைக் கொன்றது. இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்று, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிற ஒவ்வொரு முறையும் தனியாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.