தலப்பாகைல மூணு புள்ளி

உன் தோஸ்த்து வாய்க்கு ஆகாத ஒண்ணு அவன் நாக்குல படுது. அத அங்க கொண்டாந்து வெச்சவன் நீ. அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ இன்னா பண்ணுவ?

நான் இன்னா பண்ணேன் தெரியுமா? "டீ போடட்டா மச்சான்"னு கேட்டுட்டு கிச்சனுக்குப் போய்ட்டேன்.

சரி, மொதல்லேர்ந்து சொல்றேன், இல்லன்னா தலயும் புரியாது வாலும் புரியாது.

நானும் அவனும் ஆம்பூர்ல ஒரே ஸ்கூலு. அவங்க வீடு இன்னும் அங்கதான். நாங்க வேலூருக்கு வந்துட்டோம். அவன் காட்பாடில எம்.டெக் படிக்கிறான், நான் லெதர் டெக்னாலஜி முடிச்சிட்டு ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனில சாம்பிள் ரூம்ல ட்ரெய்னியா கீறேன். எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கிறுக்கு. கட்டவிரல்ல பாதி ஒசரத்துக்கு பொம்ம சிப்பாய்ங்க பண்ணி, ஒவ்வொருத்தனுக்கா பெயின்ட் அடிச்சு, மேசை மேல கோட்ட, மேடு, அகழி எல்லாம் செட் பண்ணி, டேப்பு வெச்சு அளந்து நகத்தி, தாயக்கட்ட மாதிரி டைஸ் உருட்டி சண்ட போடுற ஆட்டம். வெளிநாட்டுல தாத்தா வயசுல இருக்குறவன்லாம் ஆடுறான். நம்மூர்ல சொன்னா, "கல்யாண வயசுல பொம்மையா?"ன்னு எங்கம்மாவே சிரிக்குது.

நெட்ல எல்லாரும் ரோம்காரன், பிரெஞ்சுக்காரன், பனில நடந்து செத்தவன்னு பண்ணிக்கினு இருந்தான். இவன்தான் சொன்னான், "பனி நமக்கு எதுக்குடா? வெயில்ல வேகுற ஊரு. பஸ் ஏறுனா கோட்ட. அத பண்ணுவோம்."

அதான் வேலூர் சிப்பாய் கலகம். இந்த ஊர்ல படிச்ச எவனுக்கும் தெரியும். கும்பினிக்காரன் சிப்பாய்ங்களுக்கு ஆர்டர் போட்டான்: நெத்தில ஒண்ணும் இட்டுக்கக் கூடாது, தாடி வெக்கக் கூடாது, பழைய தலப்பாக வேணாம், தொப்பி மாதிரி புதுத் தலப்பாக ஒண்ணு போட்டுக்கணும். அதுல தோல்ல ஒரு குஞ்சம். அந்தத் தோலு இன்னா தோலுன்னு பேச்சு கெளம்புச்சு, மாட்டுதா பன்னிதான்னு. ஒரு நாள் விடியறதுக்குள்ள கோட்டையே பத்திக்கிச்சு. அஞ்சு மார்க் கேள்வி. எழுதிட்டு மறந்துட்டோம்.

யாரு எந்தப் பக்கம்னு பெரிய சண்ட. வெள்ளக்காரன் பக்கம் எவனும் ஆட மாட்டேன்றான். கடைசில அவன் சொன்னான், "டேய், நீதான கம்பெனில வேல செய்ற? நீயே கும்பினிக்காரன்."

"நீ சிப்பாயா? ஹாஸ்டல்ல காலைல ஒரு தடவ சீக்கிரம் எழுந்திருச்சிருக்கியா?"

"கலகத்துக்கு எழுந்திருப்பேன். நீ ஒழுங்கா கலகத்த அடக்க ஆற்காட்டுலேர்ந்து குதிரப்படையக் கூட்டிக்கினு வா."

உடம்பெல்லாம் அவன் காலேஜ்ல பர்மிஷன் வாங்கி 3டி பிரிண்டர்ல எடுத்தான். ஆனா நெட்ல கெடச்ச பைலு எல்லாம் வெள்ளக்கார மூஞ்சி, வெள்ளக்காரத் தொப்பி. இவன் ஒவ்வொண்ணுக்கும் தலைல இருந்த தொப்பியச் சீவிட்டு, எபாக்சி புட்டில தலப்பாக சுத்தினான். ஊசி முனையால மடிப்பு போடுவான். ஒரு தலப்பாகைக்கு ஒரு சாயங்காலம் போய்டும். மொத்தம் மூணு அணி சிப்பாய். ரமலான் மாசத்துல நோம்பு தொறந்துட்டு வந்து உக்காந்து பண்ணான், பெருநாளுக்கு அப்புறமும் பண்ணிக்கினே இருந்தான். நான் பெயின்ட். செவப்புக் கோட்டு, வெள்ள பெல்ட்டு. அடில ஒட்டுற தட்டு எல்லாம் ஷூ இன்சோல் போர்டுல வெட்டுனது. பாலாத்துல தண்ணிதான் இல்ல, மண்ணு கொஞ்சம் மிச்சம் இருக்கு. அத சலிச்சு தரைக்கு ஒட்டுனோம்.

குஞ்சம் மட்டும் பாக்கி. அத நான் பாத்துக்குறேன்னு சொன்னேன். வாய்க் கொழுப்பு. "மச்சான், உலகத்துல எவனும் பண்ணாதது பண்றேன். நெஜத் தோலு."

பிரச்சின இன்னான்னா, எங்க கம்பெனில ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டுற ஆட்டுத்தோல் லைனிங்கு இந்த சைஸுக்கு தடி. தலப்பாக மேல வெச்சா செருப்ப வெச்ச மாதிரி இருக்கு. சாம்பிள் ரூம்ல பையர்ங்க அனுப்புற லைனிங் துண்டுங்க ஒரு டப்பால கெடக்கும், தூக்கிப் போடறதுக்கு வெச்சது. அதுல தேடுனேன். ஒண்ணு கெடச்சுது. மெலிசுன்னா மெலிசு, வெங்காயத் தோல் மாதிரி. ஆனா கிழியல. கத்தி வெச்சதும் சுத்தமா வெட்டுது. ஆஹா, இதான்டான்னு பாக்கெட்ல போட்டுக்கினு வந்துட்டேன்.

அப்ப எனக்குத் தெரியுமா? இந்தக் கேள்விய என்ன நானே கேட்டுக் கேட்டு பேஜாராய்ட்டேன். தெரியாதுன்னுதான் சொல்ல ஆச. ஆனா நாலு வருஷம் தோலத் தொட்டுத் தொட்டுப் படிச்சவன் நான். கண்ணு மூடிக்கினு ஆடா செம்மறியா சொல்லுவேன்னு ஹாஸ்டல்ல பெட் கட்டி பரோட்டா தின்னவன். அந்தத் துண்டத் தொட்டப்ப கை எதையோ சொல்லுச்சு. நான் காது குடுக்கல. அழகா இருந்துச்சு, அவ்ளோதான். அன்னிக்கு குஞ்சத்துக்கு ஆர்டர் போட்ட கும்பினி ஆபீசரும் இப்டித்தான் நெனச்சிருப்பான்.

ஒரு ஞாயித்துக்கெழம முழுக்க ஒக்காந்து எல்லாத் தலப்பாகையிலயும் ஒட்டிட்டேன். பெயின்ட் அடிச்சா தோல் மாதிரி தெரியாதுன்னு கறுப்பு டை மட்டும் லேசா தொட்டேன். சூப்பர் குளூ. போட்டோ எடுத்து ஆன்லைன் குரூப்ல போட்டேன், எவனெவனோ வெளிநாட்டுக்காரன் கைதட்டுறான். காலரத் தூக்கி விட்டுக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் அவன் கண்ணு மூக்கு வரைய வர்றதா இருந்துச்சு. மூஞ்சி மட்டும் அவன்தான் போடுவான், என்ன விட மாட்டான். அதுக்கு முன்னாடி ஒரு தடவ செக் பண்ணலாம்னு லைட் வெச்ச லென்ஸு கீழ ஒருத்தன நிறுத்துனேன். குஞ்சத்துல மூணு புள்ளி. முக்கோணமா. டை அந்த ஓட்டைல எறங்கி நல்லா கறுப்பா தெரியுது. அடுத்தவன எடுத்தேன். அவனுக்கும் மூணு. மிச்சத் துண்ட எடுத்து லென்ஸ்ல காட்டுனேன். தோல் பூரா மூணு மூணா, மூணு மூணா.

பர்ஸ்ட் இயர், மொத பிராக்டிகல். ஆட்டுத் தோல்ல முடி இருந்த ஓட்ட ஒரு மாதிரி, மாட்டுக்கு ஒரு மாதிரி. மூணு மூணா கூட்டமா வந்தா பன்னி. இத தெரியாதவன் பெயிலு.

அவன் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் புடுங்கிடலாம்னு ஒண்ண பின்சர்ல இழுத்தேன். குஞ்சம் வரல. தலப்பாக கையோட வந்துச்சு, மடிப்போட, அவன் ஒரு சாயங்காலத்தோட. அத கையில வெச்சுக்கினு நிக்கிறேன், கீழ பைக் சத்தம். வழக்கமா லேட்டா வர்றவன் அன்னிக்குன்னு பாத்து சீக்கிரம்.

வந்தான், பாத்தான், கத்துனான். "மாஷா அல்லா! டேய், டேய்! இத பாருடா! நெஜமாவே தோல் வெச்சிட்டியா?" ஒருத்தனத் தூக்கி லைட்ல காட்டி சிரிக்கிறான். "இந்தக் குஞ்சத்துக்குத்தான்டா அன்னிக்கு அத்தன பேரு செத்தான். நீ திரும்பவும் வெக்கிற. இன்னா தோலுடா இது?"

"ஆடு"ன்னேன்.

யோசிக்கவே இல்ல. வாய் தானா சொல்லுச்சு.

"ஆடா? ஆட்டுத் தோலுக்கு எவன்டா கலகம் பண்ணுவான்? பிரியாணி பண்ணுவான். போ, ஆட்டம் கேன்சல், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" அப்டின்னு பொம்மைங்கள திருப்பி வெக்கிறான். நானும் சிரிச்சேன். கேவலமா இருந்திருக்கும் அந்த சிரிப்பு.

உடைஞ்சத பாத்தான். "கை தவறிச்சா? பரவால்லடா, இன்னொண்ணு சுத்திக்கலாம்"னுட்டு ஒக்காந்துட்டான். அதுக்குக்கூட என்ன திட்டல.

அவன் பெயின்ட் அடிக்கிறத நீங்க பாத்திருக்கணும். பிரஷ் முனை ஊசியா நிக்கணும்னா நாக்குல வெச்சு ஒரு சுத்து சுத்துவான். பொம்ம பெயின்ட் அடிக்கிற பாதி பேரு உலகம் பூரா அப்டித்தான் பண்றான். கண்ணு வெச்சான். மீச போட்டான். அப்புறம் குஞ்சத்த பாத்து, "இதுக்கு ஓரத்துல மெலிசா ஒரு கோடு போட்டா எடுப்பா இருக்கும்"னு ஈர பிரஷ்ஷால அந்தத் தோல ஒரு இழு இழுத்தான். பிரஷ்ஷ நாக்குல வெச்சான். திரும்ப தோலு. திரும்ப நாக்கு.

அப்பதான் நான் டீ போடப் போனேன்.

கிச்சன்ல பால் பொங்குறத பாத்துக்கினே எனக்கு ஞாபகம் வந்தது அவங்க வீட்டு சமோசா. ஸ்கூல் படிக்கிறப்ப, அவங்க வீட்ல விசேஷம், செம கூட்டம். நான் ஒரு தட்டுலேர்ந்து சமோசா எடுத்து வாயில வெக்கப் போறேன், எங்கேர்ந்தோ ஓடி வந்து என் கைய தட்டி விட்டான். சமோசா எகிறி யார் மடிலயோ விழுந்துச்சு. "அது பெரிய கறிடா, மாடு, உங்க வீட்ல சாப்ட மாட்டீங்கல்ல!" அவங்கம்மா, அவன் அம்மின்னு கூப்புடுவான், அந்தக் கூட்டத்துலயும் என்னக் கூப்ட்டு, "பேட்டா, உனக்கு இந்தச் சட்டி. சிக்கன். கரண்டிகூட வேற"ன்னு காட்டுச்சு. இன்னி வரைக்கும் அந்த வீட்ல நான் கேட்டதில்ல, சட்டில இன்னா இருக்குதுன்னு. கேக்க வேண்டிய அவசியம் வந்ததில்ல. அவங்களே சொல்லிடுவாங்க.

அவன் ஒண்ணும் பெரிய மௌலானா இல்ல. காலைல தொழுகைய தூங்கி விட்டுட்டு வெள்ளிக்கெழம மட்டும் தவறாம போற டைப்பு. ஆனா அவனுக்குன்னு ஒரு கோடு இருக்கு. நான் அதுமேல அவனுக்கே தெரியாம அவன நடக்க விட்டேன். தெரியாம பட்டா தப்பில்லன்னு சொல்லுவாங்களாமே, நெட்ல பாத்தேன். தப்பு அவன் மேல இல்லன்னா யார் மேலன்னும் யோசிச்சுப் பாத்தேன். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியதா இல்ல.

டீ குடிச்சான். அப்பவே சொல்லியிருக்கலாம். அவன் சிப்பாய்ங்கள ஒரு ட்ரேல அடுக்கி ஆம்பூருக்கு எடுத்துக்கினு போய்ட்டான், வார்னிஷ் அவன் அடிச்சுடறேன்னு. அப்புறம் போன்ல ஒரு போட்டோ வந்துச்சு. அவங்க வீட்டு ஷோகேஸ்ல, நல்ல கப்பு சாசர் இருக்குற தட்டுல, எல்லாரும் வரிசையா நிக்கிறாங்க. கீழ மெசேஜ்: "அம்மி வர்றவங்களுக்கெல்லாம் காட்டுது. நீதான் தோல் வெச்சேன்னு பெருமையா சொல்லுது."

அந்த ஒரு வரிக்கு நான் கட்டவிரல் காமிச்சு ரிப்ளை போட்டேன்.

அப்புறம் எத்தன தடவ சொல்ல வாய் தொறந்தேன்னு கணக்கு வெக்கல. ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. தோல புடுங்கணும்னா தலப்பாக எல்லாம் போய்டும், அவன் மாசக்கணக்கா ஒக்காந்த வேல. வார்னிஷ் மூடிடுச்சு, இனிமே படாது. சொன்னா அவன் வருத்தப்படுவான், சொல்லாட்டி யாருக்கு நஷ்டம்? நல்ல சாக்குதான். ஆனா எல்லாமே எனக்கு வசதியா இருந்துச்சு, அதான் ஒதச்சுது. தலப்பாக அவனுது. புடுங்கறதா வேணாமான்னு அவன் சொல்லணும், நான் இல்ல.

இன்னிக்கு மொத ஆட்டம். கோட்ட ரெடி. அகழிக்கு பச்சயா பெயின்ட் ஊத்தி வெச்சிருக்கேன். என் பக்கம் கும்பினிக்காரனுங்க நிக்கிறாங்க, செவப்பா, ஒழுங்கா, ஒருத்தன் மூஞ்சியும் பாக்கப் புடிக்கல. அவன் சிப்பாய்ங்களோட பஸ்ல வர்றான், பைக்ல வந்தா ஒடஞ்சிடுமாம், ட்ரே மடியில வெச்சிருக்கானாம். பள்ளிகொண்டா தாண்டிட்டேன்னு போன் பண்ணான். குரல்ல அப்டி ஒரு குஷி. "கும்பினிக்காரா, இன்னிக்கு உன்ன ஓட விடுறேன் பாரு"ங்கறான். நான் "வா, வா"ன்னேன். சொல்லாமலே போன வெச்சிட்டேன்.

அதான் இத டைப் பண்ண ஆரம்பிச்சேன். கை சும்மா இருந்தா மனசு மாறிடும்.

ஆட்டுத் தோல முடிஞ்ச வரைக்கும் சீவி மெலிசாக்கி புதுக் குஞ்சம் வெட்டி ஒரு மூடில போட்டு வெச்சிருக்கேன். கொஞ்சம் தடியாதான் இருக்கு. இருக்கட்டும். ஆனா அத மொதல்ல காட்டுனா நான் ஏதோ சரி பண்ணிட்ட மாதிரி ஆய்டும். அதனால அத அலமாரில வெச்சிட்டேன். மிச்ச லைனிங் துண்ட எடுத்து கோட்டைக்கு நடுவுல, பரேடு மைதானத்துல வெச்சேன். எடுத்து பாக்கெட்ல போட்டேன். திரும்ப வெச்சேன். தோலுக்குப் பேர் போன ஆம்பூர்ல பொறந்தவனுக்கு நான் பாடம் எடுக்க வேணாம், லென்ஸ்ல ஒரு பார்வ போதும்.

துண்டு மேசை மேலதான் இருக்கு. லென்ஸ் லைட் எரியுது. அவன் படியேறி வந்துக்கினு இருக்கான்.